எஞ்சின் இல்லாமல் வெள்ளாற்றில்: பி.முட்லூர் பாலத்திலிருந்து முகத்துவாரம் வரை

புவனகிரி_வள்ளம்:
எல்லாருக்கும் வணக்கம். போன வருசம் ஒரு பழைய பலகை வள்ளம் வாங்கினேன். பதினாறடி. கூடவே வந்த எஞ்சினைக் கழற்றி வித்தாச்சு. பி.முட்லூர் பாலத்துக்குக் கீழேயிருந்து பரங்கிப்பேட்டை முகத்துவாரத்துக்குப் பக்கம் வரை, பாயும் கழியும் மட்டும் வச்சுக்கிட்டுப் போயிட்டுத் திரும்பணும்ங்கிறதுதான் ஆசை.

போன ஞாயிறு முயற்சி பண்ணினோம், நானும் மச்சானும். காலையில பத்து மணிக்குக் கிளம்பினோம். ஒரு மணி நேரம் கழி ஊன்றினேன். கரையில மேஞ்ச எருமை அதே இடத்துல மேஞ்சுக்கிட்டிருக்கு, நாங்களும் அதே இடத்துல நிக்கிறோம். பன்னிரண்டு மணிக்குக் காத்து கிளம்புச்சு. சரின்னு பாயை ஏத்தினோம். ஏத்தினதும் வள்ளம் நல்லா ஓடுச்சு, ஆனா புவனகிரிப் பக்கம்! திருப்பப் பார்த்தோம், பாயைத் தாங்குற பருமல் பாய்மரத்துல மாட்டிக்கிச்சு, மூக்கு போய்ச் சேத்துல சொருகிடுச்சு. இறங்கித் தள்ளினதுல மச்சானோட ஒரு செருப்பு ஆத்துக்கே போச்சு.

தப்பு பாயிலயா, படகிலயா, இல்ல என்கிட்டயா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கிள்ளைக்காரன்:
தம்பி, படகு மேல தப்பில்ல, பாய் மேலயும் தப்பில்ல. நாள் தப்பு. காலண்டரைப் பாருங்க, போன ஞாயிறு அட்டமி.

நம்ம கரையில ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம், ரெண்டு வத்தம், அதாவது கடல் தண்ணி ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை இறங்கும். ஒரு நிறைதண்ணிக்கும் அடுத்த நிறைதண்ணிக்கும் நடுவுல சுமார் 12 மணி 25 நிமிசம். அதனாலதான் இன்னைக்கு எட்டு மணிக்கு நிறைஞ்ச தண்ணி நாளைக்கு எட்டே முக்கால், ஒன்பதுக்கு நிறையும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி நம்ம பக்கம் காலையில எட்டு ஒன்பது வாக்குல நிறையும், மத்தியானம் ரெண்டு மூணுக்கு வத்தும். அட்டமிக்கு அது அப்படியே ஆறு மணி நேரம் தள்ளிப் போயிடும். அதாவது நீங்க கிளம்பின பத்து மணிக்குக் கடல் உள்ள ஏறிக்கிட்டிருந்துச்சு. நீங்க கடலை எதிர்த்துக் கழி ஊன்றியிருக்கீங்க. பன்னிரண்டுக்குக் கடக்காத்தும் (கடல்லேர்ந்து வர்ற காத்து) சேர்ந்து வந்து மூஞ்சில அடிச்சிருக்கு. அட்டமித் தண்ணி சோம்பேறித் தண்ணி, அதுகிட்டயே தோத்தீங்கன்னா அமாவாசைத் தண்ணிகிட்ட என்ன ஆவீங்க?

இதையே திருப்பிப் போடுங்க. அமாவாசைக்கு மறுநாள் காலை, தண்ணி நிறைஞ்சு திரும்புற நேரம் பார்த்துக் கிளம்புங்க. கரைக்காத்து மேற்கேயிருந்து முதுகுல அடிக்கும், வத்துற தண்ணி கீழ இழுக்கும். சாயங்காலம் கடக்காத்தும் ஏத்தமும் சேர்ந்து வீட்டுக்குக் கொண்டாந்து விடும். எங்க தாத்தா முகத்துவாரம் போயிட்டு வர்ற நாள்ல கழியை நாலு தடவை தொட்டாலே அதிகம்.

ஒண்ணு மறக்காதீங்க. உங்க பாலம் முகத்துவாரத்துலேர்ந்து உள்ள தள்ளி இருக்கு. கடல்ல நிறைஞ்சு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அங்க நிறையும். ஏத்த வத்த நேரம் சொல்லி சர்வே ஆஃப் இந்தியா போடுற ஓத அட்டவணை துறைமுகத்துக்கான கணக்கு. உங்க இடத்துக்கு எவ்வளவு தாமதம்னு ரெண்டு நாள் பாலத் தூண்ல சாக்பீஸ் கோடு போட்டு நீங்களேதான் கண்டுபிடிக்கணும்.

வேகமானி:
எதுக்கு இவ்வளவு வம்பு? ஒரு சின்ன அவுட்போர்டு எஞ்சின் மாட்டினா அரை மணியில முகத்துவாரம்.

புவனகிரி_வள்ளம்:
பஸ்ல போனா இன்னும் சீக்கிரம் அண்ணே.

சோழநாட்டான்:
கடாரம் வரை கப்பல் ஓட்டின இனம் நாம. ராஜேந்திர சோழன் காலத்துல எஞ்சினா இருந்துச்சு? அந்த ரத்தம் உங்க உடம்புல ஓடுது, தைரியமாப் போங்க!

மீப்பாய்:
ரத்தம் ஓடட்டும், ஆனா அந்த ரத்தத்துக்கு மணல்திட்டு எங்கே இருக்குன்னு தெரியாது. நான் பள்ளிக்கூடத்துல தமிழ் நடத்துறவள், அதனால ஒரு விஷயம். புறநானூற்றில் 30-ஆம் பாட்டு சோழனைப் புகழ்றது. பெரிய கலங்கள் கூம்பையும் (பாய்மரத்தையும்) மேற்பாயையும் களையாம, மேலே ஏற்றின பாரத்தையும் குறைக்காம புகாருக்குள் நுழையுதாம். இதை நாம பெருமையா மட்டும் படிச்சிட்டுப் போயிடுறோம். ஒரு நிமிஷம் நின்னு யோசிங்க. மற்ற ஆற்றுவாய்களில் என்ன வழக்கமா இருந்திருந்தா இதைப் புகழ்ச்சியாச் சொல்ல முடியும்? பாயை இறக்கு, சரக்கை இறக்கு, படகை மிதக்கவிட்டு மெல்ல நுழை. அதுதான் வழக்கம். முகத்துவாரத்துல ஆழம் பத்தாதுங்கிற பயம் அந்தப் பாட்டுக்கு அடியில கிடக்கு. பாடினவர் கரையில நின்னு மாலுமிகளைப் பார்த்திருக்கார்.

கிள்ளைக்காரன்:
டீச்சர், சரியாச் சொன்னீங்க. இன்னைக்கும் அதே கதைதான்.

எசெக்ஸ்_ராசு:
சுவாரசியமா இருக்கு, நானும் சேர்ந்துக்கிறேன். பிறந்தது கடலூர், இருபது வருசமா இங்கிலாந்தில் பிளாக்வாட்டர் ஆத்துப் பக்கம் இருக்கேன். இங்க மால்டன்னு ஒரு ஊர். தேம்ஸ் பார்ஜ்னு சொல்ற பழைய பாய்மரச் சரக்குப் படகுகள் இன்னும் அந்தத் துறையில கட்டிக் கிடக்கும். வத்தம் வந்தா ஆறே காணாமப் போயிடும், படகெல்லாம் சேத்துல சப்பணம் போட்டு உட்காரும். அதுக்காகவே தட்டையான அடி. லண்டன் பாலத்துக்கிட்ட பெரிய ஏத்தத்துல நீர்மட்ட வித்தியாசம் ஆறு ஏழு மீட்டர் போகும். இவ்வளவு பெரிய படகை ஒரு ஆளும் ஒரு பையனும் ஓட்டினாங்கன்னா தண்ணியை வேலைக்காரனா வச்சுக்கிட்டதால தான்.

இங்க எல்லாரும் முதல்ல கத்துக்கிறது பன்னிரண்டு பங்குக் கணக்கு. தண்ணி ஏற ஆறு மணி நேரம்னா, முதல் மணியில பன்னிரண்டுல 1 பங்குதான் ஏறும். அடுத்து 2, அடுத்து 3, மறுபடி 3, பிறகு 2, கடைசியில 1. வெள்ளாத்துல பெரிய ஏத்தம் சுமார் 90 சென்டிமீட்டர்னு வச்சுக்கிட்டா, நடுவுல உள்ள ரெண்டு மணி நேரத்துலயே 45 சென்டிமீட்டர் ஏறிடும். ஆக இழுப்பும் நடுவுலதான் அதிகம். தரை தட்டுறதா இருந்தா ஏறுற தண்ணியில தட்டுங்க, பத்து நிமிசத்துல அதுவே தூக்கிவிடும். வத்துற தண்ணியில தட்டினா அடுத்த ஏத்தம் வரை அங்கேயே குடித்தனம்.

இன்னொண்ணு, உங்க வள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் இறக்கி ஏத்துற பலகை வையுங்க. தேம்ஸ் பார்ஜுல பெருசா காது மாதிரித் தொங்கும். பக்கக் காத்துல படகு நண்டு மாதிரி நழுவாம அது பிடிச்சுக்கும். ஆழம் குறைஞ்சா தூக்கிடலாம்.

கிள்ளைக்காரன்:
ராசு, கணக்கு நல்ல கணக்கு. ஆனா அது உங்க ஊருக்குப் பொருந்துற மாதிரி இங்க அச்சுப் பிசகாமப் பொருந்தாது. ஏத்தமே ஒரு மீட்டருக்குள்ள. மேல அணைக்கட்டுல தண்ணி விட்டாலோ, கடக்காத்து மூணு நாள் விடாம அடிச்சாலோ கணக்கு மாறிடும். ஐப்பசி கார்த்திகையில மழைத்தண்ணி இறங்கினா ஏத்தமே தெரியாது, ராத்திரி பகல் வெளியதான் ஓடும். அப்ப இந்த விளையாட்டே வேண்டாம். தை கடைசியிலேர்ந்து பங்குனி வரை நல்ல காலம்.

பக்கப் பலகை வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த ஆத்துல மேல போறதும் கீழ வர்றதும் மேற்கு கிழக்கா. காத்தும் காலையில மேற்கு, மத்தியானம் கிழக்கு. நாளைப் பார்த்துக் கிளம்பினா காத்து எப்பவும் பின்னாலதான். எதுக்கு நண்டு மாதிரி நழுவப் போறோம்?

எசெக்ஸ்_ராசு:
ஆறு நேரா இருந்தா சரி அண்ணே. வளைவுல?

கிள்ளைக்காரன்:
வளைவுல பாயை இறக்கிட்டு ரெண்டு ஊன்று ஊன்றினா முடிஞ்சுது. பிடிவாதமா பாய்லயே போகணும்னு நினைக்கிறவன்தான் சேத்துல சொருகுவான். தம்பி, உங்களைச் சொல்லல.

வத்தைப்_பேரன்:
அதிராம்பட்டினத்திலேர்ந்து. பலகை விஷயத்துல ராசு சொல்றதை வெள்ளைக்காரன் சங்கதின்னு தள்ள வேண்டாம். எங்க பக்கத்து வத்தைக்கு அது பழசு. வத்தைன்னா தட்டை அடி, பெட்டி மாதிரி உடம்பு, ரெண்டு மூணு பாய்மரம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு ஓரத்து ஆழமில்லாத தண்ணிக்குன்னே செஞ்சது. ஓரத்துல இறக்குற பலகையும் உண்டு. அதைவிடப் பெரிய விஷயம், படகுக்குக் குறுக்கே போடுற நீளப் பலகை. காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருதோ அந்தப் பக்கம் அதை நீட்டி ஆள் ஏறி உட்காரணும். சென்னை மாகாண மீன்வளத் துறையில இயக்குநரா இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல் இந்தியப் படகுகளைப் பத்தி எழுதினதுல இந்தப் பக்கத்துப் படகுகளையும் விவரிச்சிருக்கார்.

எங்க அப்பா அந்தப் பலகையில உட்கார்ந்தவர். காத்து குறையும்போது சட்டுன்னு உள்ள வரணும், இல்லேன்னா நீயே பாரமாகி அந்தப் பக்கம் கவிழ்த்துடுவேன்னு சொல்வார். இப்ப ஓடுற பல வத்தையில எஞ்சின் வந்து பாய் போயிடுச்சு.

ஊர்காவற்றுறையான்:
வத்தைப் பேரன் சொன்னது இஞ்சயும் இருக்கு. தென்னிலங்கையில சிங்கள ஆக்களின்ரை ஒருவ எண்ட படகில, பக்கத்தில மிதக்கிற கட்டையில ஆள் ஏறி நிப்பினம். காத்தை அளக்கிறதே ஆள் கணக்கிலதான், ஒரு ஆள் காத்து, ரெண்டு ஆள் காத்து எண்டு. எனக்கு அது நல்லாப் பிடிக்கும். எத்தினை நொட் எண்டு சொன்னா ஆருக்கு விளங்கும்?

எங்கட பரவைக் கடல் இடுப்பளவு தண்ணி. பாய் இருந்தாலும் மரக்கோல் இல்லாமல் ஒருத்தரும் இறங்க மாட்டினம். மரக்கோல் தாங்கிறதுக்கு, அதுதான் கோல் ஊண்டி வள்ளத்தை ஓட்டுறதுக்கு, எண்டு ஒரு பழக்கம் வேணும் தம்பி. நீங்கள் கோலை முன்னுக்குக் குத்தியிருப்பியள், அதுதான் வள்ளம் நிண்டுபோச்சு. உங்கட காலுக்கு நேரா, வள்ளத்தோட ஒட்டிக் குத்துங்கோ. பிறகு கோலைத் தள்ளாதேங்கோ, கோலில பிடிச்சு உங்களை முன்னுக்குத் தள்ளுங்கோ. சேத்தில மாட்டினால் கோலை விடுங்கோ, வள்ளத்தை விடாதேங்கோ. கோலைப் பிடிச்சுக்கொண்டு தொங்கின ஆக்களைப் பாத்துச் சிரிச்ச ஊர் எங்கட.

எங்களுக்குச் சோளகம் (தென்மேற்குக் காத்து) தொடங்கினால் ஒரு வழி, வாடை (வடகிழக்குக் காத்து) தொடங்கினால் மற்ற வழி. உங்கட ஆத்தில ஒரே நாளில ரெண்டு காத்தும் வருதெண்டால் குடுத்து வைச்சனியள்.

புவனகிரி_வள்ளம்:
அண்ணை, கோலை முன்னாடி குத்தினது உண்மைதான், எப்படிக் கண்டுபிடிச்சீங்க!

பாய் பத்தி ஒரு கேள்வி. இப்ப இருக்கிறது ஒரு கல்யாண ஃபிளெக்ஸ் பேனர், முக்கோணமா வெட்டி ஓரம் தச்சது. காத்து வாங்குது. ஆனா வெயில்ல மடிப்பு மடிப்பா வெடிக்குது. காடாத் துணியில தைக்கலாமா?

கிள்ளைக்காரன்:
மாப்பிள்ளை பொண்ணு முகம் நேரா இருக்கா தலைகீழா இருக்கா?

கனமான காடாத் துணி வாங்குங்க. அந்தக் காலத்துல வலைக்குப் பனிச்சங்காய்ச் சாறு ஏத்துற மாதிரி பாய்க்கும் பட்டைச் சாறு ஏத்துவாங்க, உப்புத்தண்ணியில மக்காது. படகுப் பலகை இடுக்குக்குக் குங்கிலியத்தை எண்ணெயில காய்ச்சி அடைங்க. பழைய வள்ளம், ரெண்டு நாள் தண்ணியில ஊறப் போட்டாலே பாதி ஓட்டை தானா அடைஞ்சிடும்.

பாயோட பேச்சைக் கொஞ்சம் தெரிஞ்சுக்குங்க. பாயைத் தாங்குற நீளக் கம்பு பருமல், அது தெரிஞ்சிருக்கு உங்களுக்கு. அதை மேல ஏத்துற கயிறு ஆஞ்சான். பாயோட பின் மூலையில பிடிச்சு இழுக்குற கயிறு தாமான். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். அன்னைக்கு உங்களுக்குப் பருமல் மாட்டினது ஏன்னா, இந்த மாதிரிப் பாயை ஒரு பக்கத்துலேர்ந்து மறுபக்கம் மாத்தணும்னா பருமலை மரத்துக்கு முன்னால சுத்திக் கொண்டு போகணும். கடல்ல அதுக்கு இடம் இருக்கு. ஆத்துல திரும்பி முடிக்கிறதுக்குள்ள கரை வந்துடும். அதனால ஆத்துல பாய் மாத்தணும்னா ஆஞ்சானை விட்டுப் பாதி இறக்கு, பருமலைக் கையால பிடிச்சுச் சுத்து, மறுபடி ஏத்து. அசிங்கமா இருக்கும், ஆனா சேத்துல சொருக மாட்டே.

தண்ணியைப் பார்க்கிறது எப்படின்னா, கூட ஓடும்போது நடு ஆத்துல போங்க, எதிர்த்துப் போகும்போது கரையோரம் ஒதுங்குங்க, அங்க இழுப்பு கம்மி. வளைவுல வெளிப்பக்கம் ஆழம், உள்பக்கம் மேடு. கொக்கு நிக்குற பக்கம் போகாதீங்க, அதுக்கு முழங்கால் அளவு தெரியும். வலைக் கம்பு நட்டிருந்தா சுத்திப் போங்க, அதுக்குக் கீழ ஒருத்தனோட சோறு கிடக்கு.

மீப்பாய்:
கொக்குக்கு முழங்கால் அளவு தெரியும்! இதை நாளைக்கே வகுப்புல சொல்லப் போறேன்.

எசெக்ஸ்_ராசு:
காத்து செத்துப்போற நேரத்துக்கு ஒரு பழைய வித்தை. தண்ணியோட சேர்ந்து அதே வேகத்துல மிதந்தா சுக்கான் வேலை செய்யாது, ஏன்னா சுக்கானைத் தாண்டி ஓடுறதுக்குத் தண்ணி இல்ல. தேம்ஸ் ஆளுங்க நங்கூரத்தைத் தரையில லேசாத் தொடுற மாதிரி விட்டு இழுத்துக்கிட்டே போவாங்க. படகு தண்ணியைவிட மெதுவாப் போகும், உடனே சுக்கான் பேச்சு கேட்கும்.

கிள்ளைக்காரன்:
இதைத்தான் எங்க தாத்தா அம்மிக் குழவியில கயிறு கட்டிப் பண்ணினார். பாட்டி ஒரு வாரம் குழவியைத் தேடியிருக்காங்க.

ஒரு எச்சரிக்கை சொல்லிடறேன். முகத்துவாரத்துக்கு வெளிய போக வேண்டாம். வத்துற தண்ணி வெளிய ஓடும்போது கடக்காத்து எதிர அடிச்சா, திட்டு மேல அலை செங்குத்தா எழும்பும். சின்ன வள்ளத்துக்கு அது சுவர். அதேபோல தெற்கால பிச்சாவரம் பக்கம் ஓடைக்குள்ள சும்மா நுழையாதீங்க, அது காப்புக்காடு, வனத்துறை அனுமதி வேணும். லைஃப் ஜாக்கெட் ரெண்டு பேருக்கும். தாத்தா போட்டாரான்னு கேட்காதீங்க, அவர் நீந்தினார்.

புவனகிரி_வள்ளம்:
போயிட்டு வந்துட்டேன்!! அமாவாசைக்கு மறுநாள் லீவு போட்டு, மச்சானைக் கெஞ்சிக் கூட்டிக்கிட்டு.

முந்தின ரெண்டு நாளும் தூண்ல கோடு போட்டுப் பார்த்தேன், அட்டவணை நேரத்தைவிட எங்க பாலத்துல தாமதம்தான். கிளம்புற அன்னைக்குப் பாலத்தடியில உட்கார்ந்து ஒரு தேங்காய் மட்டையைத் தண்ணியில போட்டேன். முதல்ல மேற்கே போச்சு. அப்புறம் நின்னுச்சு. ரொம்ப நேரம் அப்படியே ஒரே இடத்துல சுத்திக்கிட்டு நின்னுச்சு. மச்சான் டீ குடிக்கப் போயிட்டு வந்து பார்க்கிறான், மட்டை கிழக்கே கிளம்பியிருக்கு. கயித்தை அவுத்தோம்.

முதல் ஒரு மணி நேரம் கரைக்காத்து முதுகுல. கழியைத் தொடவே இல்ல. பதினொரு மணி வாக்குல காத்து செத்துப்போச்சு, பாய் தொங்குது, ஆனா கரை நகருது. போன தடவை பார்த்த எருமை (அதே எருமைதான்னு மச்சான் சத்தியம் பண்றான்) பின்னால போயிட்டே இருந்துச்சு. படகு மட்டும் தன்னால குறுக்கே திரும்ப ஆரம்பிச்சுது. சுக்கானைத் திருப்பினா பேச்சே கேட்கல. ராசு அண்ணன் சொன்ன மாதிரி அஞ்சு கிலோ எடைக்கல்லைக் கயித்துல கட்டி விட்டேன். கயித்தைப் பிடிச்ச விரல்ல தரை தெரியுது. சேறுன்னா சும்மா வழுக்கிட்டு வருது, மணல்னா கரகரன்னு அதிருது. படகு மெதுவாச்சு, சுக்கான் கைக்கு வந்துடுச்சு. அந்த நிமிசத்துக்காகவே எஞ்சினை வித்ததுக்கு வருத்தமில்ல.

பன்னிரண்டரைக்கு முன்னாலயே பரங்கிப்பேட்டைப் பக்கம். முகத்துவாரத்தைத் தூரத்துலேர்ந்து பார்த்தோம். கடக்காத்து ஏறியிருந்துச்சு, திட்டு மேல வெள்ளையா உடையுது. கிட்டப் போகவே இல்ல. வடகரையில ஒதுங்கி, புளிசோத்தைத் தின்னுட்டு, தண்ணி திரும்புற வரை காத்திருந்தோம். நேரம் ஓடவே மாட்டேங்குது. மச்சான் ரெண்டு தடவை "கிளம்பலாமா" ன்னான். மூணரைக்குத்தான் மட்டை மேற்கே போச்சு.

திரும்பும்போது ஒரு தப்பு நடந்துச்சு, மறைக்காமச் சொல்லிடறேன். காத்து நல்லா இருந்துச்சு, கை வலிச்சுது. தாமானைக் குறுக்குப் பலகையில சுத்தி முடிச்சுப் போட்டுட்டேன். வளைவுல ஒரு காத்து பக்கவாட்டுல அடிச்சுது பாருங்க, ஒரு பக்க விளிம்பு தண்ணிக்குள்ள. முடிச்சு இறுகி அவுக்க வரல. மச்சான் ஆஞ்சானை அவுத்துவிட்டான், பாய் மொத்தமும் எங்க தலை மேல வந்து விழுந்துச்சு. முழங்கால் வரை தண்ணி. அள்ளி ஊத்திட்டு, ஒதுங்கி நின்னு, பாதிப் பாய் வச்சு வந்தோம். பாலத்துக்கு வரும்போது இருட்டிடுச்சு.

கிள்ளைக்காரன்:
தாமானைக் கட்டினீங்களா! அதைச் சொல்லாம விட்டது என் தப்பு. எங்களுக்கு அது சொல்லித் தர்ற விஷயமே இல்ல, சின்னப் புள்ளையில அடி வாங்கிக் கத்துக்கிட்டது. தாமான் எப்பவும் கையில. ரொம்ப வலிச்சா பலகையைச் சுத்தி ஒரே ஒரு சுத்து, முனை கையில இருக்கணும், முடிச்சு கூடவே கூடாது. உங்க மச்சான் ஆஞ்சானை அவுத்தான் பாருங்க, அவனுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுங்க.

ஊர்காவற்றுறையான்:
மச்சானை வைச்சுக்கொள்ளுங்கோ தம்பி. படகைப் பிறகும் வாங்கலாம்.

கிள்ளைக்காரன்:
பருமல் என்ன மரம்? நீளம் எவ்வளவு?

புவனகிரி_வள்ளம்:
சவுக்கு அண்ணே. பதினேழு அடி.

கிள்ளைக்காரன்:
அதான் தலை கனம். சவுக்கைப் பாய்மரத்துக்கு வையுங்க, பருமலுக்கு மூங்கில்தான். முத்தின மூங்கில் ஒண்ணு எங்க வீட்டுக் கொல்லையில வெட்டிக் காய வச்சிருக்கேன். பௌர்ணமிக்கு மறுநாள் கொண்டுக்கிட்டு வர்றேன், பாலத்தடியில இருங்க. மட்டை நானே எடுத்துட்டு வர்றேன்.